பவளத்தை எண்ணியவர்கள்: மன்னார் வளைகுடாத் தீவுகளும் ‘ஆரோக்கியம்’ என்ற சொல்லாடலும்

1

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் நலமாக இருக்கின்றனவா என்று கேட்டால் இன்று பதிலாக ஒரு எண் தரப்படுகிறது. உயிருள்ள பவளம் கடலடித் தரையில் எத்தனை விழுக்காட்டை மூடியிருக்கிறது என்பதே அந்த எண். 2005இல் அது சுமார் 37. 2009இல் ஏறத்தாழ 43. 2010 கோடையில் பவளங்கள் வெளிறிச் செத்தபின் 33ஐ ஒட்டி இறங்கியது. மெல்ல ஏறி 38.9 வரை வந்து, 2016 வெளிறலில் 22.7ஆக விழுந்தது. நோயாளியின் கட்டிலில் தொங்கும் காய்ச்சல் அட்டை மாதிரி இந்த எண்கள் கருத்தரங்குகளிலும் அரசு அறிக்கைகளிலும் நாளிதழ்களின் ஞாயிறு இணைப்புகளிலும் வலம் வருகின்றன.

இந்த எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. நீருக்குள் இறங்கி நாடாவை விரித்து அளந்தவர்களின் உழைப்பு பொய்யல்ல. ஆனால் எண்ணுதல் என்ற செயலுக்கு ஒரு வரலாறு உண்டு. இதே கடலை இதற்கு முன்பும் எண்ணியிருக்கிறார்கள். யார் எண்ணினார்கள், எதற்காக எண்ணினார்கள், எதை எண்ணாமல் விட்டார்கள், எண்ணிய பிறகு யாரைக் கடலை விட்டு வெளியேறச் சொன்னார்கள் என்று கேட்காமல் ‘37’ என்பதையோ ‘22.7’ என்பதையோ வாசிக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் சுமார் 140 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையை ஒட்டி 21 சிறு தீவுகள். மண்டபம் வரிசையில் 7, கீழக்கரை வரிசையில் 7, வேம்பார் வரிசையில் 3, தூத்துக்குடி வரிசையில் 4. இவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது நீருக்கு மேலே இல்லை. தீவுகளின் பெயர்களைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்: நல்லதண்ணித்தீவு, உப்புத்தண்ணித்தீவு, ஆனைப்பார், புலுவினிச்சல்லி, காரைச்சல்லி. எங்கே குடிதண்ணீர் கிடைக்கும், எங்கே கிடைக்காது, எங்கே பார் இருக்கிறது, எங்கே அலை ஒதுக்கிய கல் சல்லியாகக் குவிந்து கிடக்கிறது என்கிற விவரம் பெயரிலேயே இருக்கிறது. இந்தப் பாறைகளைப் பற்றிய முதல் மதிப்பீடு எழுத்தில் இல்லை, பேச்சில் இருந்திருக்கிறது. அதைச் செய்தவர்களுக்குக் கடலாய்வாளர் என்ற பட்டம் யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

2

எழுத்தில் பதிவான எண்ணிக்கை முத்தில் தொடங்குகிறது. முத்துப் பார்கள் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளுக்கு வெளியே, ஆழம் கூடிய இடங்களில் இருப்பவை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இந்தக் கடலடியைக் கணக்கெடுக்கும் பழக்கம் அங்கேதான் உருவானது. முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன் குளியாட்களை இறக்கிச் சிப்பிகளை மாதிரியாக எடுப்பார்கள். அவற்றிலிருந்து கிடைத்த முத்தை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கிட்டு, வருவாய் தேறுமென்றால்தான் குளிப்பு. ஒரு பார் ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்கு அரசின் அகராதியில் இருந்த பொருள் இதுதான்: அது ஏலத்துக்குத் தயார்.

இலங்கைப் பக்கத்தில் தொடர்ந்து பல ஆண்டுகள் குளிப்பு பொய்த்துப் போனபோது, காரணம் கண்டுபிடிக்க பிரிட்டிஷ் அரசு ஹெர்ட்மன் என்ற விலங்கியலாளரை அழைத்தது. 1903க்கும் 1906க்கும் இடையில் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்ட அவருடைய அறிக்கை ஐந்து பகுதிகள் கொண்டது. கடற்பஞ்சு, புழு, நண்டு, பவளம் என்று மன்னார் வளைகுடாவின் உயிர்களைப் பற்றிய பெரும் ஆவணம். அதே 1906இல் இலங்கை அரசு முத்துப் பார்களை ஒரு கம்பெனிக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. சில ஆண்டுகளிலேயே கம்பெனி நொடித்துப்போனது. ‘தூய அறிவியல்’ முன்னே போனது, குத்தகைப் பத்திரம் பின்னாலேயே வந்தது. இந்தியப் பகுதியில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

3

இரண்டாவது எண்ணிக்கை அருங்காட்சியகத்தினுடையது. 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்புகளையும் கடலுயிர்களையும் பற்றி 1890இல் குறிப்புகள் வெளியிட்டார். ராமேஸ்வரம் பக்கம் பவளங்களைச் சேகரித்தார். இதே தர்ஸ்டனைத்தான் நாம் வேறொரு காரியத்துக்காகவும் அறிவோம். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலின் ஆசிரியர் அவர். மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து சாதிகளை அட்டவணைப்படுத்தியவர். பவளத்தை வகைப்படுத்திய கையும் பரதவரை வகைப்படுத்திய கையும் ஒன்றே. இரண்டு வேலையிலும் செயல்பாடு ஒரே மாதிரியானது: உயிருள்ள ஒன்றை அதன் இடத்திலிருந்து, உறவுகளிலிருந்து, பெயரிலிருந்து பிரித்தெடு, புதுப் பெயர் கொடு, அலமாரியில் வை. முத்துக்குளிப்பில் அவருக்குத் தகவல் சொன்னவர்களே இன்னொரு நூலில் ‘மாதிரி’களாக ஆனார்கள்.

1927இல் கிரேவ்லி பதிப்பித்த குருசடைத் தீவின் கரையோர உயிர்கள் பற்றிய நூல் இந்த மரபின் உச்சம். அதன் தரத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். இன்றும் அதைத் தொடாமல் இந்தக் கடலைப் பற்றி எழுத முடியாது. ‘உயிரியலாளர்களின் சொர்க்கம்’ என்று குருசடைக்குப் பெயர் வந்தது. கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் வந்து பாட்டில் பாட்டிலாக அள்ளிக்கொண்டு போனார்கள். ஆனால் பட்டியல் என்ற வடிவத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. ஒரு இனம் ‘இருக்கிறது’ என்று அது சொல்லும். எவ்வளவு இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, போன வருடத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று சொல்லாது. சாகக் கிடக்கும் பாறையில் கடைசியாக ஒரு துண்டு உயிரோடு இருந்தாலும் பட்டியலில் அந்த இனத்துக்கு ஒரு வரி உண்டு.

பன்மை பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1986இல் கோபிநாத பிள்ளை தென்கிழக்குக் கரைக்கு 94 பவள இனங்களைப் பட்டியலிட்டார். 2007 வாக்கில் மன்னார் வளைகுடாவுக்கு மட்டும் 117 என்றானது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பாறை வெட்டப்பட்டது, வெளிறியது, தீவு முழுகியது. இனங்களின் எண்ணிக்கையோ ஏறியது! தேடியவர்கள் கூடினார்கள், நீர்மூழ்கும் கருவிகள் வந்தன, தீவு தீவாகப் போய்ப் பார்த்தார்கள். கூடியது பார்வையின் வீச்சு. இதை வைத்துக்கொண்டு ‘பன்மை வளர்ந்திருக்கிறது’ என்று ஒரு அதிகாரி மேடையில் சொன்னால் கைதட்டாமல் இருக்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

4

மூன்றாவது எண்ணிக்கை டன் கணக்கு. இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. ஆகவே கொஞ்சம் நின்று பேசலாம்.

மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கப்பட்டது. 1949 முதல் 1971 வரை அதன் தலைமையகம் மண்டபத்தில் இருந்தது. 1969 ஜனவரியில் உலகின் முதல் பன்னாட்டுப் பவளப்பாறைக் கருத்தரங்கம் நடந்தது ஆஸ்திரேலியாவில் அல்ல, ஹவாயில் அல்ல, நம்ம மண்டபத்தில். நாம் பெருமைப்பட வேண்டிய செய்திதான். 1972இல் வெளியான அதன் தொகுப்பில் மகாதேவனும் நாகப்பன் நாயரும் எழுதிய கட்டுரை, இந்தக் கடலின் பாறைகள் எங்கெங்கே பரவியிருக்கின்றன என்பதோடு அவற்றின் ‘சுரண்டலும் பயன்பாடும்’ என்பதையும் தலைப்பிலேயே கொண்டிருந்தது. கருத்தரங்கம் நடந்த அந்தக் காலத்தில்தான் தீவுகளைச் சுற்றிய பாறை கடப்பாரையால் பெயர்க்கப்பட்டு, வள்ளங்களில் ஏற்றப்பட்டு, கரைக்கு வந்து, சுண்ணாம்புச் சூளைகளுக்கும் சுண்ணாம்பை மூலப்பொருளாகக் கொண்ட ஆலைகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. அறிவும் வியாபாரமும் அப்போது முரண்படவில்லை. பவளம் ஒரு ‘வளம்’. வளம் என்றால் எடுக்கப்பட வேண்டியது.

முருகைக்கல் என்ற பழைய சொல் இருக்கிறது. கட்டடக் கல்லாகப் பவளத்தைப் பயன்படுத்திய காலத்தின் சொல். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு எஞ்சி நிற்கும் தேவாலயத்தின் சுவர் பவளக்கல்தான். சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுவரை ஒரு ஆவணமாகவும் வாசிக்கலாம். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பவளக் கூட்டத்தின் வளர்ச்சி தெரியும். எந்தக் கணக்கெடுப்பிலும் சேராத பாறை அது. கடற்கரை ஊர்களின் பழைய சுவர்களும் அவற்றின் மேல் பூசிய சுண்ணாம்பும் காணாமல்போன பாறையின் மறைமுகமான கணக்கேடு.

தூத்துக்குடிப் பக்கத்துக் கரை ஒன்றில், இளவயதில் கல் வள்ளத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் பேசினேன். அவர் சொன்னது: “கல்லு எடுத்தது நாங்கதான் தம்பி. இல்லேன்னு சொல்லல. எடுத்த கல்லு எங்க வீட்டுக்கா போச்சு? சூளைக்குப் போச்சு, பேக்டரிக்குப் போச்சு. எங்களுக்கு அன்னன்னைக்குக் கூலி. இப்ப பேப்பர்ல பவளத்த அழிச்சது மீனவன்னு போடுறான். பேக்டரிக்காரன் பேர அதுல காணோமே.”

அவர் சொல்வதில் ஒரு முழு வரலாற்றுக் கோட்பாடு இருக்கிறது. அழிவின் கதையாடலில் கை மட்டும் தெரிகிறது. கையை இயக்கிய தேவை தெரிவதில்லை.

விளைவு என்னவென்று தீவுகளே சொல்கின்றன. பாறைதான் தீவின் அலைதாங்கி. பாறை போனால் அலை நேரே மணலில் வந்து மோதும். விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் முழுகியது இந்த வரலாற்றோடு சேர்த்து வாசிக்கப்பட வேண்டியது. தூத்துக்குடி வரிசையின் வான்தீவு 1986இல் 16 ஹெக்டேர். 2014இல் 2 ஹெக்டேர். 2015 கடைசியிலிருந்து செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி அதைக் காப்பாற்ற முயல்கிறார்கள். எடுத்த கல்லுக்குப் பதிலாகச் சிமெண்டைக் கொண்டுபோய்ப் போடுகிறோம்.

5

நான்காவதாக வருகிறது விழுக்காட்டின் காலம். 1986இல் 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்கா. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். 2001இல் பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. அதாவது சட்டத்தின் கண்ணில் பவளமும் புலியும் ஒன்று. கல் எடுப்பது 2005 வாக்கில்தான் நின்றது. பூங்கா அறிவித்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு!

இந்தக் கட்டத்தில், 2003க்கும் 2005க்கும் இடையில், தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 21 தீவுகளையும் நீருக்கடியில் முழுமையாக ஆய்வு செய்தது. முறை எளிமையானது. நாடாவைப் பாறையின் மேல் விரிப்பார்கள். நாடாவுக்கு நேர்கீழே வருவது உயிருள்ள பவளமா, செத்த பவளமா, பாசியா, மணலா என்று சென்டிமீட்டர் கணக்கில் எழுதுவார்கள். கூட்டி வகுத்தால் விழுக்காடு. அந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: சுமார் 110 சதுர கிலோமீட்டர் பாறைப் பரப்பில் ஏறக்குறைய 32 சதுர கிலோமீட்டர் ஏற்கெனவே சிதைந்துவிட்டது. கல் எடுத்ததும் நாசகார மீன்பிடிப்பும் முக்கியக் காரணங்கள்.

ஆக, 37 என்ற தொடக்க எண் ஏற்கெனவே காயம்பட்ட ஓர் உடலில் எடுத்தது. அதற்குள் 1964 புயல் வந்துபோயிருந்தது, 1998 வெளிறல் வந்துபோயிருந்தது, பல்லாண்டுக் காலக் கடப்பாரை வேலை செய்திருந்தது. மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் ‘நகரும் அடிக்கோடு’ என்றொரு கருத்தைச் சொன்னார். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தான் வேலைக்கு வந்த நாளில் பார்த்த கடலையே இயல்பான கடல் என்று கொள்கிறார். ஆகவே இழப்பு எப்போதும் குறைத்தே மதிப்பிடப்படுகிறது. 43 ‘நல்ல’ எண்ணாகத் தோன்றுவதற்குக் காரணம் அதற்கு முன்னால் எழுதப்பட்டது 37 என்பதுதான். சூளை எரியத் தொடங்கிய காலத்தில் எவ்வளவு இருந்தது? அதற்கு அட்டையில் கட்டமே இல்லை.

இன்னொரு சிக்கல் உண்டு. கிளைகிளையாக விரியும் அக்ரோபோராவும் ஒரு விழுக்காடுதான், உருண்டையாகக் கிடக்கும் போரைட்டீஸும் ஒரு விழுக்காடுதான். அக்ரோபோரா வேகமாக வளரும்; சூட்டில் முதலில் சாகும். மீன்குஞ்சு ஒளிய இடம் தருவது அதன் கிளைகள். போரைட்டீஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம்; ஆனால் தாக்குப்பிடிக்கும். முன்னது போய்ப் பின்னது நின்ற பாறையில் விழுக்காடு பழைய இடத்துக்கே திரும்பி வரலாம். அப்போது அட்டை ‘குணமாகிவிட்டது’ என்று சொல்லும். மீனுக்கு அது வேறு வீடு.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழார்ஜ் கங்கிலேம் 1943இல் மருத்துவம் பற்றி முன்வைத்த ஒரு வாதம் இங்கு உதவும். பின்னாளில் ஃபூக்கோவுக்கு வழி திறந்தவர் அவர். இயல்பு என்பது சராசரி அல்ல என்றார். ஆரோக்கியம் என்பது நோய்வாய்ப்படவும் அதிலிருந்து மீண்டு புதிய இயல்பொன்றை ஏற்படுத்திக்கொள்ளவும் ஓர் உயிருக்குள்ள திறன். பாறைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 2005க்கும் 2009க்கும் இடையில் 37 என்பது 43 ஆனது. கல் எடுப்பது நின்ற ஆண்டுகள் அவை. இந்தப் பாறைக்கு மீளும் திறன் உண்டு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். இதையும் சொன்னது எண்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எண்களே வேண்டாம் என்கிற ரொமாண்டிக் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை விழுக்காடு’ என்பதோடு நிற்கக் கூடாது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மீண்டு எழ எவ்வளவு அவகாசம் கிடைக்கிறது? புதிதாகக் குஞ்சுப் பவளம் ஒட்டுகிறதா? 1998க்குப் பிறகு 2010 வரை பன்னிரண்டு ஆண்டுகள். 2010க்கும் 2016க்கும் இடையில் ஆறு. அவகாசம் பாதியாகிவிட்டது. ஆரோக்கியம் என்று ஒன்றை அளக்க வேண்டுமானால் இந்த இடைவெளியைத்தான் முதலில் அளக்க வேண்டும்.

6

இனி, அளவின் அரசியலுக்கு வருவோம். ஆய்வறிக்கைகளில் ‘அச்சுறுத்தல்கள்’ என்று ஒரு பகுதி தவறாமல் இருக்கும். பாசி எடுக்கும் பெண்கள் அதில் இருப்பார்கள். காலில் தகடு கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கித் தீவோரத்தில் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுப்பவர்கள். தேசியப் பூங்காவின் கெடுபிடி கூடியபோது தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த தீவுக்குள் அவர்கள் ‘அத்துமீறி நுழைபவர்கள்’ ஆனார்கள். அவர்களோ தாங்களே கூடிப் பேசி, இரும்புச் சுரண்டியை விட்டார்கள்; மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குப் போவது என்று வைத்துக்கொண்டார்கள்; கோடையில் ஏறத்தாழ 45 நாள் பாசியைத் தொடுவதில்லை. 2015இல் தீவுச் சூழல் காப்புக்கான சியகாலஜி பரிசு பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பாசிக்காரப் பெண் ஒருவருக்குக் கிடைத்தது. பரிசு வேறு நாட்டிலிருந்து வருகிறது, உள்ளூரில் கரையிறங்கினால் வழக்கு வருகிறது! அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: “கல்லு செத்துப்போனா பாசி எதுமேல புடிக்கும்? இது எங்களுக்குத் தெரியாதா?”

மறுபுறம், 1990களில் மண்டபம் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட காப்பாஃபைகஸ் என்ற அந்நியப் பாசி. ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆசியோடு வந்து, பன்னாட்டுக் குளிர்பான நிறுவனம் ஒன்றின் முதலீட்டில் வணிகப் பயிரானது. 2000களில் அது குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடியது அறிவியல் இதழ்களில் பதிவாகியது. இன்றும் பாசி வளர்ப்பு அரசு ஊக்குவிக்கும் திட்டம்தான். கையால் பாசி எடுப்பது அச்சுறுத்தல். பவளத்தை மூடும் பாசியைப் பயிரிடுவது வாழ்வாதார மேம்பாடு. இதைத் தீர்மானிப்பது எந்த நாடா?

எல்லாவற்றுக்கும் மேலே சூடு. பவளத்தின் திசுவுக்குள் வாழும் ஒற்றைச்செல் பாசிகள்தான் அதற்குப் பெரும்பகுதி உணவையும் நிறத்தையும் தருகின்றன. கடல்நீர் கோடையில் வழக்கத்தைவிடச் சூடாகி வாரக்கணக்கில் அப்படியே நின்றால் பவளம் அவற்றை வெளியேற்றிவிடும். வெளுத்து, பட்டினி கிடந்து, சூடு தணியாவிட்டால் செத்துப்போகும். 2016இல் 38.9லிருந்து 22.7க்கு விழுந்ததற்குக் கடப்பாரையும் காரணமில்லை, பாசிச் சுரண்டியும் காரணமில்லை. 2024 ஏப்ரலில் உலகளவில் நான்காவது பெரும் வெளிறல் அறிவிக்கப்பட்டது. இந்தச் சூட்டைத் தயாரித்தவர்களின் கரை மன்னார் வளைகுடாவில் இல்லை. தோணியை மறித்துச் சோதனை போடலாம். கரியமிலவாயுவை எந்த வனக்காவலர் மறிப்பார்? கைக்கு எட்டுகிறவரைக் குற்றவாளியாக்குவது நிர்வாகத்துக்கு எப்போதும் எளிது.

இதற்காக உள்ளூரில் யாருக்கும் பொறுப்பில்லை என்று நான் சொல்லவில்லை. வெடி போட்டு மீன் பிடித்தவர்கள் இருந்தார்கள். இழுவைமடி பாறையை வாரிக்கொண்டு போவதைச் சிறு தோணிக்காரர்களே முதலில் புகார் சொன்னார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் தூத்துக்குடிக் கடலில் கலந்ததும் உள்ளூர் விஷயம்தான். நான் கேட்பது பொறுப்பின் பங்கீடு. பட்டியலில் எல்லாரும் ஒரே அளவு எழுத்தில் அச்சாகும்போது, கூடை சுமக்கும் பெண்ணும் புகைபோக்கியும் சமமாகிவிடுகிறார்கள்.

7

முத்துக் காலத்தில் பாறை வருவாய். அருங்காட்சியகக் காலத்தில் மாதிரி. ஆலைக் காலத்தில் மூலப்பொருள். இன்று விழுக்காடு. நான்கு காலத்திலும் பாறையைக் காட்டிக்கொடுத்தவர்கள், அதாவது ‘இங்கே இருக்கிறது’ என்று ஆய்வாளரைத் தோணியில் கூட்டிப்போனவர்கள், ஒரே சனங்கள்தான். எண்ணிக்கை எழுதப்பட்டபோது எந்தக் காலத்திலும் அவர்கள் பென்சிலைப் பிடிக்கவில்லை.

எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் செய்யக் கூடியது இருக்கிறது. தீவு தீவாக, எந்தப் பாறையில் எந்த ஆண்டு வரை எந்த மீன் கிடைத்தது, எங்கே கல் எடுத்தார்கள், எத்தனை வள்ளம், எந்தச் சூளை என்று கரையின் நினைவைப் பதிவு செய்ய வேண்டும். கல் வள்ளத்தில் போனவர்கள் வயதாகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு 2003க்கு முந்தைய கடலும் போய்விடும். அந்தப் பதிவு விழுக்காட்டுக்கு மாற்று ஆகாது. அது அடிக்கோட்டை அதன் உண்மையான இடத்துக்கு இழுத்துச் செல்லும். எடுத்த கல்லின் கணக்கில் ஆலைகளின் பெயரையும் சேர்க்கும். அடுத்த ஆய்வுக் குழு தோணியில் ஏறும்போது, நாடாவின் ஒரு முனையைப் பாசிக்காரப் பெண்களின் கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்போம். அவர்களுடைய பெயர் அச்சுறுத்தல் பட்டியலிலிருந்து ஆய்வாளர் பட்டியலுக்கு வருகிற அன்றுதான் இந்தக் கடலின் ஆரோக்கியம் பற்றி நாம் பேசத் தொடங்கியிருக்கிறோம் என்று பொருள்.